கணக்கு டீச்சருக்கான ஜெபம்

ஜூன் 9, ஞாயிறு

மளிகைக் கடை அண்ணாச்சி அம்மாவுக்குக் கொடுத்த டைரி இது. போன வருஷத்தது. அச்சடித்திருக்கும் கிழமையை அடித்துவிட்டு என் கிழமையை எழுதிக்கொள்கிறேன். அம்மா இதில் கோலம் போட்டுப் பழகலாம் என்று வைத்திருந்தாள். ஐந்து வருஷமாகவே பழகப்போவதாகத்தான் சொல்கிறாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்று ஆராதனை முடிந்ததும் வாலிபர் கூட்டத்தில் ரெஜி அண்ணன் பேசினார். அவருக்குக் கரண்டு ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தலைவர். "உங்க பள்ளிக்கூடத்துக்காக நீங்க ஜெபிக்கலைன்னா வேற யாரு வந்து ஜெபிப்பா?" என்று கேட்டார். எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்குக் கை தானாகவே தூக்கிக்கொள்ளும்.

ரெஜி அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "சும்மா 'எங்க பள்ளியை ஆசீர்வதியும்'னு சொல்லிட்டு ஓடக் கூடாது. என்ன வேணும்னு விவரமா கேக்கணும். நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. கிடைச்சதும் டிக் அடிங்க." எனக்கு அது பிடித்துவிட்டது. விவரமாகக் கேட்பதில் என்னை மிஞ்ச எங்கள் சபையில் ஆள் கிடையாது.

ஜூன் 10, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு அ பிரிவு. முப்பத்தெட்டு பேர். ஜன்னல் ஓரம் எனக்கு, பக்கத்தில் அக்சாள். அவளும் எங்கள் சபைதான். பின்னால் பிரம்மசக்தி. அவள் வீட்டில் திருச்செந்தூருக்கு வருஷா வருஷம் நடந்து போவார்கள்.

கணக்குக்கு இன்னும் ஆள் இல்லை. ஜனவரியில் சார் மாறுதலாகிப் போனதிலிருந்து அந்தப் பீரியடில் நாங்கள் கவிதை எழுதுவது, நகம் கடிப்பது, தூங்குவது எல்லாம் செய்திருக்கிறோம். இந்த வருஷம் அரசுப் பொதுத்தேர்வு. நான் கணக்கில் தேறாவிட்டால் பி.எஸ்சி. இல்லை, தையல் வகுப்புதான் என்று அம்மா இன்றே அறிவித்துவிட்டாள்.

ஜூன் 12, புதன்

காலையில் எட்டரை மணிக்கு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற வேப்ப மரத்தடியில் கூடினோம். நான், அக்சாள், பிரம்மசக்தி. சக்தியை நாங்கள் கூப்பிடவில்லை. "உங்க சாமிகிட்ட கணக்கு டீச்சர் கேக்கப் போறியளாமே, நானும் வாரேன். எனக்கும் கணக்குதான வராது" என்று அவளாக வந்தாள். வந்தவள் எங்கள் மூன்று பேர் பையையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹெச்.எம். டீச்சர் பார்த்துவிட்டு வந்து, "பெல்லுக்கு முன்னாடி என்ன வேணா பண்ணுங்க. லைனுக்கு லேட்டா வந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டில் முதல் குறிப்பு: கணக்குக்கு நிரந்தர ஆசிரியர். அக்சாள், "டீச்சர்னு மட்டும் எழுதுட்டி, போதும்" என்றாள். "தற்காலிகமா யாரையாவது அனுப்பிட்டா என்ன செய்வே?" என்று கேட்டேன். "நிரந்தர" என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டேன். இரண்டாவது குறிப்பு, கழிப்பறைக்குத் தண்ணீர்.

ஜூன் 14, வெள்ளி

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று.

மூன்றாவது பீரியடில் ஹெச்.எம். ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவங்க கனகரூபி மிஸ். பள்ளி மேலாண்மைக் குழு மூலமா போட்டிருக்கோம். ரெகுலர் ஆள் வர்ற வரைக்கும் இவங்கதான் கணக்கு எடுப்பாங்க."

எனக்கு அவர்களைத் தெரியும். எங்கள் சபைக் கோயிலில் தூண் ஓரமாக உட்காருவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அங்கே விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "உங்க ஹெச்.எம். வீட்டுக்கே போய், பிள்ளைகள் கணக்கு இல்லாம நிக்குதுன்னு சொன்னாவளாம். பாவம்னு வந்திருக்கா" என்றாள் அம்மா.

சக்தி, "அதான் வந்துட்டாவல்லா, டிக் அடி" என்றாள். "நிரந்தரம் இல்லையே" என்றேன். டிக் அடிக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி வாங்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

கனகரூபி மிஸ் பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா? கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பி முப்பத்தெட்டு முகத்தையும் பார்க்கிறார்கள். யாராவது முழித்தால் அதே வரி மறுபடியும். ஒரு பீரியடில் மூன்று கணக்கு. இந்த வேகத்தில் போனால் என் பேரப்பிள்ளைகள்தான் பரீட்சை எழுதும்.

ஜூன் 20, வியாழன்

டெஸ்ட். இருபத்தைந்துக்கு ஏழு. இதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதாக இல்லை.

ஜூன் 24, திங்கள்

இன்று காலையில் கனகரூபி மிஸ் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "நானும் நிக்கலாமா?" என்று கேட்டார்கள். ஒரு டீச்சர் வந்து எங்களிடம் அனுமதி கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று என் முறை. வழக்கத்தைவிட நன்றாகவே ஜெபித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆண்டவரே, எங்க பள்ளிக்கூடத்துக்குக் கணக்குக்கு நிரந்தரமா ஒரு ஆசிரியரை அனுப்பும். வருஷக் கடைசி வரைக்கும் இருக்கிறவரை, நல்லாப் படிச்சவரை, அனுபவம் உள்ளவரை அனுப்பும். சீக்கிரமா அனுப்பும்." இப்படி விவரம் விவரமாகக் கேட்டேன்.

மிஸ் "ஆமென்" என்று சொன்ன சத்தத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது சக்தி என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ட்டி அப்படிப் பாக்கே?"

"ஒண்ணுமில்ல. பையைப் பிடி, கை வலிக்கி."

ஜூன் 28, வெள்ளி

மிஸ் தினமும் வருகிறார்கள். தினமும் அதே சத்தத்தில் ஆமென். மோட்டார் ரிப்பேர் ஆகி இரண்டாவது குறிப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. டிக். எங்கள் ஜெபக்குழு நன்றாகப் போகிறது.

ஜூலை 3, புதன்

எழுதியே ஆக வேண்டும். இன்று எனக்குக் கணக்குப் புரிந்தது.

கலப்பு எண்கள். மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் எப்படி இருக்கும், இல்லாத ஒன்றை வைத்து எதற்குக் கணக்குப் போடுகிறார்கள் என்று நான்தான் கேட்டேன். மிஸ் கோபப்படவில்லை. "எந்திரி, எப்சிபா. கரும்பலகையைப் பாரு. இதுதான் ஒண்ணு. இப்ப இடது பக்கம் திரும்பு" என்றார்கள். ஜன்னல் பக்கம் திரும்பினேன். "இதான் நீ கேட்ட அந்த வர்க்கமூலம், ஐ. ஐயால ஒரு தடவை பெருக்கினா ஒரு தடவை திரும்பணும், அவ்வளவுதான். இன்னொரு தடவை பெருக்கு."

இன்னொரு தடவை இடது பக்கம் திரும்பினேன்.

"இப்ப எங்க பாக்கே?"

"பின்னால, மிஸ். சக்தி மூஞ்சிய."

"முன்னால பார்த்தது ஒண்ணுன்னா, பின்னால பார்க்கிறது?"

"மைனஸ் ஒண்ணு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. ஐ-யை ஐ-யால் பெருக்கினால் மைனஸ் ஒன்று! அதற்குப் பிறகு முப்பத்தெட்டு பேரும் எழுந்து நின்று திரும்பினோம். பெஞ்சு இடித்தது, ஒருத்தி காலை ஒருத்தி மிதித்தாள். ஹெச்.எம். வாசலில் வந்து பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

பள்ளி விட்ட பிறகும் முக்கால் மணி நேரம் இருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. அவர்களாக இருக்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. விடைத்தாளை அம்மா கண்ணில் படும்படி அரிசி டின் மேல் வைத்தேன். அம்மா அதன் மேல் முறத்தை வைத்துவிட்டாள். பரவாயில்லை. சக்தி பதினாறு. போன வருஷம் முழுக்க எடுத்ததைக் கூட்டினாலும் அவளுக்குப் பதினாறு வராது.

ஜூலை 12, வெள்ளி

வருகைப் பதிவேட்டைக் கொடுக்க ஹெச்.எம். அறைக்குப் போனேன். கிளார்க் சாரிடம் ஹெச்.எம். பேசிக்கொண்டிருந்தார். "கணக்குப் பணியிடம் காலின்னு காமிச்சாச்சு. இந்த மாச மாறுதல் கலந்தாய்வுல யாராவது எடுத்துருவாங்க. வந்து சேர்ந்த அன்னைக்கே கனகரூபியை நிறுத்திடணும். பாவம், இங்க வரணும்னு அங்க வேலையை விட்டாச்சு. அந்த ஸ்கூல்ல அடுத்த வாரமே வேற ஆளைப் போட்டுட்டாங்களாம்."

பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

இது புதுச் செய்தியா என்ன? முதல் நாளே ஹெச்.எம். எங்கள் முன்னால் சொன்னதுதான். ரெகுலர் ஆள் வந்தால் தற்காலிக ஆள் போவது ஊர் அறிந்த விஷயம். மிஸ்ஸுக்கு எங்கேயாவது கிடைத்துவிடும். நல்ல டீச்சருக்கு வேலையா இல்லை?

வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மத்தியானம் நெல்லிக்காய் நிறையத் தின்றுவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

இன்று என் முறை. நேராகக் கழிப்பறைத் தண்ணீருக்கு நன்றி சொல்லி ஆரம்பித்து, நூலகம், விளையாட்டு மைதானத்து முள் என்று போய்விட்டேன். அக்சாள் நோட்டில் விரல் வைத்துச் சரிபார்ப்பவள். ஒரு கண்ணைத் திறந்து, "ஒண்ணாவது குறிப்ப விட்டுட்டே" என்று கிசுகிசுத்தாள். கேட்காதது போல இருந்தேன். "ஏட்டி, ஒண்ணாவது!" என்று முழங்கையால் இடித்தாள்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் மிஸ் ஜெபித்தார்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு நிரந்தரமா ஒரு நல்ல ஆசிரியரைத் தாரும், ஆண்டவரே. இந்த வருஷம் அவங்களுக்கு முக்கியமான வருஷம்." அவ்வளவுதான் சொன்னார்கள். குரல் ஒரே மாதிரி இருந்தது.

எனக்கு ஆமென் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது. நேற்றுப் பால் ஐஸ் சாப்பிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

சக்தியிடம் சொன்னேன். இடைவேளையில், குழாயடியில்.

"உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"மிஸ் வந்து நின்ன அன்னைக்கே தெரியும். அவிய நிக்காவ, நீ அவியள வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுட்டிருக்கே. அதுவும் 'சீக்கிரமா அனுப்பும்'னு சொல்லுதே. அவியளே ஆமென்னு சொல்லுதாவ. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

"ஏன்ட்டி அப்பவே சொல்லல?"

"நீ உங்க சாமிகிட்ட பேசிட்டிருக்கும்போது நான் எப்படிட்டி குறுக்க பேச?"

அழுதேன். முகம் கழுவத்தான் குழாயடி இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

ரெஜி அண்ணனிடம் போய், "ஒரு ஜெபக் குறிப்பை வாபஸ் வாங்க முடியுமா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "என்ன, கரண்டு கனெக்ஷனா? எழுதிக் குடுத்து வாங்க?"

முழுவதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது வரிசை பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அந்தத் துணியோடு உட்கார்ந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல பெரியம்மாமார் எல்லாம் உங்க கணக்கு டீச்சருக்காகத்தான் முழங்கால்ல நிக்காவ. கனகரூபி அக்காவும் அங்கதான் இருக்காவ" என்றார்.

"நிறுத்தச் சொல்லுங்க அண்ணே."

துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "நீ அடுத்த மார்ச்சோட போயிருவே. அதுக்கப்புறம் வர்ற பிள்ளைகளுக்கு டீச்சர் வேண்டாமா, எப்சி? நீ கேட்டது தப்பில்லம்மா. ஆனா எனக்கும் இப்ப என்ன சொல்லணும்னு தெரியல."

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 24, புதன்

ஆண்டவரே, அவசரம் ஒன்றும் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

ஆண்டவரே, வருகிற ஆள் மார்ச்சுக்கு அப்புறம் வந்தால் போதும். மற்ற பிள்ளைகள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இது என் சொந்த விண்ணப்பம், நோட்டில் எழுதவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது. சங்கரபாண்டியன் சார். பதினான்கு வருஷ அனுபவம். எம்.எஸ்சி., எம்.ஃபில். திங்கட்கிழமை வந்து சேருகிறார். நான் கேட்ட விவரம் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மிஸ்ஸின் கடைசி வகுப்பு. யாரையும் அழ விடவில்லை. "அழுகிறவங்க அழுதுட்டே இந்தக் கணக்கைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பெல் அடித்த பிறகும் கடைசி வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் சாக்பீஸை வைத்தார்கள்.

புது சாருக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி, யாருக்கு எது வராது என்று. ஹெச்.எம்.மிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். வழியில் படித்தேன், ஒத்துக்கொள்கிறேன். சக்திக்கு: "கேட்கக் கூச்சப்படுவாள். பக்கத்தில் போய் நின்றால் கேட்பாள்." எனக்கு: "வேகம் அதிகம். என்ன எழுதினோம் என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்க்கச் சொல்லவும்."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி சொல்ல எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்காக ஜெபித்த பிள்ளைகளுக்குப் பதில் கிடைத்ததைச் சபைக்கு முன் சொல்ல வேண்டுமாம். ரெஜி அண்ணன், "வேண்டாம்னா நான் ஐயருகிட்ட சொல்லுதேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கு முன்னால் ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை வாசித்தார். புது வீட்டுக்காக ஒருவர், சுகப்பிரசவத்துக்காக ஒருவர். அடுத்த கவரை எடுத்து, "நம் ஊர் அரசுப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் கிடைத்ததற்காக நன்றியுடன், கனகரூபி" என்று வாசித்தார். வாசித்துவிட்டு அடுத்த கவருக்குப் போய்விட்டார். நான் தூண் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். மைக் முன்னால் நின்றேன். இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மூன்று வரிதான் வந்தது.

"நாங்க ஜெபிச்சோம். டீச்சர் கிடைச்சிட்டாங்க. கனகரூபி மிஸ்ஸுக்கு வேலை போயிட்டு."

முன்வரிசைப் பெரியம்மா ஒருவர் பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐயர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

முடிந்த பிறகு மிஸ் ஸ்கூட்டி பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். சாவியை ஆட்டிக் கூப்பிட்டார்கள்.

"மைக்குல போய் அதை எதுக்குட்டி சொன்னே?"

"உண்மைதான மிஸ்."

"உண்மைதான்." கொஞ்சம் சிரித்தார்கள்.

"என் மேல கோவமா மிஸ்?"

"உன் மேல எதுக்கு? உங்களுக்கு டீச்சர் வேணும்னுதான நான் அங்க விட்டுட்டு வந்தேன். நீங்க கேட்டதும் அதைத்தான்."

"ஆனா நீங்க தினமும் ஆமென் சொன்னீங்களே. அவ்வளவு சத்தமா."

ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. "மெதுவா சொன்னா வரல, எப்சி. வீட்டுல சொல்லிப் பார்த்தேன். நெஞ்சுக்குள்ளயே நின்னுட்டு. சத்தமா சொன்னாத்தான் வெளிய வந்துது."

பிறகு, "வேற எங்கயாவது பாக்கணும். எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சங்கரபாண்டியன் சார் நன்றாக நடத்துகிறார். தெளிவாக எழுதுகிறார், கேட்டால் எரிந்து விழுவதில்லை. முதல் நாளே சக்தியின் பெஞ்சு பக்கத்தில் போய் நின்றார், அவளும் கேட்டாள். அவரைக் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பீரியட் முழுக்கப் பார்த்தேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருக்கிறார். அவ்வளவுதான் கிடைத்தது.

முதல் குறிப்புக்கு அக்சாள் டிக் அடித்துவிட்டாள். அடிக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நோட்டில் புதுப் பக்கம். முதல் குறிப்பு: கனகரூபி மிஸ்ஸுக்கு ஒரு பள்ளிக்கூடம்.

இன்று என் முறை. மூன்று பேர் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். மிஸ்ஸுக்கு வேலை வேண்டும். நல்ல வேலை. நிறுத்தாத வேலை. விவரமாகக் கேட்க வேண்டுமே என்று, "இந்த மாவட்டத்துல எங்கயாவது, கணக்கு டீச்சர் இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துல, நிரந்தரமா" என்றேன்.

அங்கேயே நின்றுவிட்டேன்.

கணக்கு டீச்சர் இல்லாத பள்ளிக்கூடம் என்றால், அங்கேயும் ரெகுலர் ஆள் வரும் வரைக்கும் என்று ஒரு மிஸ்ஸைப் போட்டிருப்பார்கள். அவர்களும் எங்கேயாவது விட்டுவிட்டு வந்திருப்பார்கள். பள்ளி விட்ட பிறகு முக்கால் மணி நேரம் இருந்து சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளும் இந்நேரம் ஒரு மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கண்ணைத் திறந்தேன். அக்சாள் விரலை நோட்டில் வைத்தபடி காத்துக்கொண்டிருந்தாள். சக்தி எங்கள் பைகளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த மிஸ்ஸையும்..." என்றேன். பெயர் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. அவர்களுக்கு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. "அந்த மிஸ்ஸையும், ஆண்டவரே" என்று மறுபடியும் சொன்னேன்.

பெல் அடித்துவிட்டது. நான் முடிக்காததால் யாரும் ஆமென் சொல்லவில்லை. மூன்று பேரும் அப்படியே லைனுக்கு ஓடினோம்.